பிலிம் கேமராவோடு நெடுந்தூரக் கார் பயணம்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

கேமராவில் படங்களை எண்ணும் கவுண்டர் 36-ஐத் தாண்டி 38-க்கு வந்தது. 36 படம் எடுக்கும் ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைப்பது வழக்கம்தான் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 40 வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. பின்கதவைத் திறந்து பார்த்தேன். பிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. நான் வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு நாள் பயணம், பனிமூட்டத்துக்குள் நுழைந்த மலைப்பாதை, பின்சீட்டில் தூங்கிப்போன நண்பனின் முகம், எதுவுமே பதிவாகவில்லை.

பிலிமில் படம் எடுக்கும்போது, ஊர் திரும்பி ரோலைக் கழுவி வாங்கும்வரை எதையும் பார்க்க முடியாது. நீண்ட பயணத்தில் அந்த இடைவெளி பத்து நாளாக இருக்கலாம், மூன்று வாரமாகவும் இருக்கலாம். அத்தனை நாளும் படம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் வண்டி ஓட்ட வேண்டும். அந்த நம்பிக்கை வெறும் நம்பிக்கையாக இல்லாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, கிளம்புவதற்கு முன்னாலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு மாதம் முன்பே ஒரு ரோல்

கேமரா எதுவாக இருந்தாலும் சரி, பயணத்துக்கு முன் அதில் ஒரு ரோல் முழுதாக எடுத்துக் கழுவிப் பாருங்கள். பழைய கேமரா என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. வெயிலில் சில படம், நிழலில் சில, வீட்டுக்குள் சில என்று ஷட்டர் வேகங்களை மாற்றி மாற்றி எடுங்கள். கழுவி வந்ததும் ஸ்கேனைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் நெகட்டிவையே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கேனில் ஆரஞ்சு நிறக் கோடுகள் தெரிந்தால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. பின்கதவின் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பஞ்சு பல வருடங்களில் பிசுபிசுத்து உதிர்ந்துபோகும், அதுதான் பெரும்பாலும் காரணம். மாற்றுவது சுலபம். படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பிலிம் சுற்றும் பொறியில் கோளாறு. எல்லா நெகட்டிவும் வெளிறிப்போய், கண்ணாடி மாதிரி தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரையோ ஷட்டரையோ சந்தேகப்படுங்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1960-களிலும் 70-களிலும் வந்த பல கேமராக்களின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவுள்ள 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் வேலை செய்யும், ஆனால் தப்பான கணக்குக் காட்டலாம். மொபைலில் ஒரு லைட் மீட்டர் செயலியைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த கேமராவாக இருந்தாலும் மாற்று பேட்டரி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். நடுவழியில் சின்னக் கடைகளில் அது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

லென்ஸ் ஒன்று போதும். 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. என் ஓட்டு 35-க்குத்தான். காருக்குள் இருக்கும் கொஞ்ச இடத்திலும் பக்கத்து சீட்டுக்காரரைக் கையோடும் தோளோடும் எடுக்க முடியும். 1972-ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீபன் ஷோர் தன் நாட்டுக்குள் நீண்ட கார் பயணம் போனபோது கையில் வைத்திருந்தது ரோலை 35 (Rollei 35) என்ற சின்ன கேமரா. அதன் 40 மி.மீ. லென்ஸை மாற்றவே முடியாது. தூங்கிய படுக்கை, சாப்பிட்ட தட்டு, கழிவறை, வழியில் சந்தித்தவர்கள் என எல்லாவற்றையும் அதிலேயே எடுத்தார். பையில் நான்கு லென்ஸ் இருந்தால் எதை மாட்டுவது என்று யோசிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

எந்த பிலிம், எத்தனை ரோல்

முதல் பயணத்துக்கு கலர் நெகட்டிவ், ஐஎஸ்ஓ 400 (இந்த எண்தான் பிலிமின் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம்). கோடக் போர்ட்ரா 400, அல்ட்ராமேக்ஸ் 400 இரண்டில் எது கிடைத்தாலும் நல்லது. கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றால் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் அல்லது கோடக் ட்ரை-எக்ஸ் 400. நாள் முழுவதும் காரில் போகும்போது உச்சி வெயிலும் வரும், மரங்கள் அடர்ந்த இருட்டுச் சாலையும் வரும், பெட்ரோல் பங்கின் டியூப்லைட்டும் வரும். இவை எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது 400தான். எக்டார் 100 அழகான பிலிம், ஆனால் மாலை ஆனதும் கையில் பிடித்து எடுக்க முடியாமல் திணற வேண்டியிருக்கும்.

நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு பிலிமை இந்தப் பயணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். எக்ஸ்போஷரில், அதாவது பிலிமில் விழும் வெளிச்சத்தில், அரை ஸ்டாப் தவறினாலே அதில் தெரியும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). நெகட்டிவ் பிலிம் அப்படியில்லை. ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, பிலிம் வகைகளைக் கலக்க வேண்டாம். இரண்டு மூன்று வேகங்களில் பிலிம் வைத்திருந்தால், உள்ளே இருப்பது 100-ஆ 400-ஆ என்று மூன்றாவது நாளே குழப்பம் வரும். ஒரே பிலிம் என்றால் கேமராவின் ஐஎஸ்ஓ வளையத்தை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

எண்ணிக்கைக்கு நான் போடும் கணக்கு இது: ஒரு நாளுக்கு ஒன்றரை ரோல். பத்து நாள் என்றால் 15 ரோல், கூடவே 3 ரோல் கைவசம். புதிதாக எடுக்கிறவர்கள் முதல் இரண்டு நாளில் கொட்டித் தீர்த்துவிடுவார்கள், பிறகு பயந்துபோய் ஒரு நாள் முழுக்க கேமராவையே தொட மாட்டார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு ரோலைக் காலைக்கு 12, பகலுக்கு 6, மாலைக்கு 18 என்று பிரித்துக்கொண்டால் கை தானாக அடங்கும். மீதி அரை ரோல், எதிர்பாராமல் வருவதற்கு.

6x7 அளவில் எடுக்கும் மீடியம் ஃபார்மட் கேமராவில் ஒரு 120 ரோலுக்குப் பத்தே படம். நிதானமாக எடுக்கிறவர்களுக்கு அது பெரிய சுகம். ஆனால் முதல் பயணத்துக்கு வழக்கமான 35 மி.மீ. பிலிம் போதும்.

பயணத்தின் தொடக்கத்தில் விமானம் ஏற வேண்டியிருந்தால் பிலிமை லக்கேஜில் போடவே கூடாது. அங்கே அடிக்கும் எக்ஸ்ரே வலுவானது. கைப்பையைச் சோதிக்கும் புதிய சிடி ஸ்கேனர்களும் பிலிமைக் கெடுக்கும், 400 ஆனாலும் சரி, 100 ஆனாலும் சரி. ரோல்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு கண்ணாடிப் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

வெயிலில் நிற்கும் கார்

இதைப் பலர் யோசிப்பதில்லை. பிலிமின் முதல் எதிரி சூடு. கதவை மூடி வெயிலில் நிறுத்திய கார் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். டேஷ்போர்டு, அதற்குக் கீழே இருக்கும் பெட்டி, பின்கண்ணாடியை ஒட்டிய தட்டு, இந்த மூன்று இடத்திலும் பிலிமையோ கேமராவையோ விட்டுவிட்டு இறங்காதீர்கள். டிக்கியும் பத்திரமில்லை. சூடு பட்ட பிலிமில் நிறங்கள் ஒரு பக்கமாகச் சாயும், நிழல் பகுதிகள் மங்கிப்போகும். எடுத்து முடித்த ரோலுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெளிச்சம் பட்டு, இன்னும் கழுவாமல் இருக்கும் உருவம் சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்ல மங்கும்.

ஒரு சின்ன ஐஸ் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே தளர்வான ஐஸ் கட்டி வேண்டாம், உருகித் தண்ணீர் தேங்கும். உறைய வைத்த ஜெல் பாக்கெட் ஒன்றை டவலில் சுற்றி வைத்தால் போதும். ரோல்களை அவற்றின் பிளாஸ்டிக் டப்பாவோடு ஜிப் உள்ள கவரில் போட்டு மூடுங்கள். பெட்டியை முன்சீட்டுக்குப் பின்னால், வெயில் படாத தரையில் வையுங்கள். சாப்பிட இறங்கினால் அதுவும் உங்களோடு இறங்கட்டும்.

குளிரிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. குளிர்ந்த பிலிமின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். மூடியபடியே ஒரு மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும். நான் காலையில் காபி குடிக்கும்போது அன்றைக்கு வேண்டிய இரண்டு ரோலை எடுத்துத் தோள்பையில் போட்டுவிடுவேன். பிறகு நாள் முழுவதும் பெட்டியைத் திறக்கும் வேலையே இல்லை.

கடுங்குளிரில் கதை வேறு. பிலிம் விறைத்து எளிதில் கிழியும், அதனால் அடுத்த படத்துக்கு பிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக இழுங்கள். பேட்டரியும் சோர்ந்துபோகும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

ரோலைப் போடுவதும் எடுப்பதும்

என் 40-வது படத்துக்கு வருகிறேன். இரண்டே நொடி பார்த்திருந்தால் அந்த ரோல் பிழைத்திருக்கும்.

வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலில் கேமராவைத் திறங்கள். ரோலை இடது பள்ளத்தில் வையுங்கள். நுனியை இழுத்து வலப்பக்கச் சுருளின் பிளவில் செருகுங்கள். லீவரை ஒருமுறை இழுத்து, பிலிமின் இரண்டு ஓரத்துத் துளைகளிலும் பற்சக்கரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் போதாது. மூடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. இடது மேல்பக்கம் இருக்கும் சின்னக் கைப்பிடியை, ரோலைத் திரும்பச் சுற்றும் திசையில், மிக மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே தொய்வாக இருக்கும் பிலிம் இறுகும். விரலில் ஒரு சின்ன எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது லீவரை இழுங்கள். அந்தக் கைப்பிடி தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் திறந்து மறுபடி போடுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுக்கும்போது என் கண் அந்தக் கைப்பிடிக்குப் போய்வரும்.

முடியும்போது லீவர் நடுவில் மக்கர் செய்யும். பலம் கொடுத்து இழுக்காதீர்கள். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுங்கள். கடைசியில் ஒரு இழுப்பு, பிறகு சட்டென்று லேசாகிவிடும். அதற்கு மேலும் நான்கைந்து சுற்றுச் சுற்றி, நுனி முழுக்க உள்ளே போகும்படி செய்யுங்கள். நுனி வெளியே நீட்டியிருக்கும் ரோல் புதியது, உள்ளே போனது எடுத்து முடித்தது. இதை மாற்றவே மாற்றாதீர்கள். எடுத்த ரோலையே மறுபடி போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்தவர்கள் நிறைய உண்டு. ரோலின் மேல் மார்க்கரால் எண்ணும் தேதியும் எழுதி வேறு பையில் போடுங்கள்.

நடுவில் பின்கதவு தெரியாமல் திறந்துவிட்டால் பதறாமல் உடனே மூடுங்கள். இன்னும் எடுக்காத பகுதி ரோலுக்குள் பத்திரமாக இருக்கும். எடுத்ததில் வெளிச்சுற்றில் இருந்த சில படங்கள்தான் போகும். பிலிம் கிழிந்தோ சிக்கியோ போனால் இரவுவரை பொறுத்து, விளக்கணைத்த அறையில் கெட்டிப் போர்வைக்குள் கையை விட்டு எடுங்கள். வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு, மேலே டேப் சுற்றி, "இருட்டில் திறக்கவும்" என்று எழுதிவிடுங்கள்.

வெளிச்சக் கணக்கு

மீட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம். தெளிந்த வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் கூடினால் துளை சிறிது) எஃப்16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது. 400 பிலிமுக்கு 1/500. லேசான மேகம் என்றால் எஃப்11, மூட்டமாக இருந்தால் எஃப்8, கனத்த மூட்டத்தில் எஃப்5.6, திறந்த நிழலில் எஃப்4. மணல்வெளியிலும் பனியிலும் எஃப்22. பேட்டரி போய்விட்ட நாளில் இந்த ஒரு பத்தி போதும்.

சாலைப் படங்களில் பாதி வானமாகத்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து மீட்டர் குறைவாகக் கொடுக்கும், தரை கரியாகிவிடும். கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து அளந்துகொண்டு, அப்புறம் நிமிர்த்தி எடுங்கள். நெகட்டிவ் பிலிமுக்கு ஒரே பாடம், நிழலுக்கு அளந்தால் கெடாது. 400 பிலிமைப் போட்டுவிட்டு கேமராவில் 200 என்று வைத்துக்கொள்வதும் நல்ல வழி, எல்லாப் படத்துக்கும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக விழும். லேபில் அதைச் சொல்ல வேண்டியதில்லை, வழக்கம்போலவே கழுவட்டும்.

இரவுப் படத்துக்கு காரின் பானெட்டே ஸ்டாண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, மடித்த துணியின் மேல் கேமராவை வைத்து, டைமரில் விடுங்கள். ஒரு வினாடிக்கு மேல் போனால் பிலிமின் வேகம் குறையும், மீட்டர் 4 வினாடி என்றால் 8 கொடுங்கள்.

சாலையில்

ஓட்டுகிறவர் படம் எடுக்கக் கூடாது. இதில் பேச்சே இல்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். கிளம்பும் முன்பே கூட வருகிறவர்களிடம், நான் அடிக்கடி நிறுத்தச் சொல்வேன் என்று சொல்லி வையுங்கள். ஒரு நாளில் ஓட்டும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துத் திட்டமிடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் இன்னும் 200 கிலோமீட்டர் பாக்கி இருந்தால் யாருக்கும் நிறுத்த மனம் வராது. அந்த நேரத்து வெளிச்சம்தான் அன்றைக்குக் கிடைக்கும் வெளிச்சங்களிலேயே நல்லது.

ஓடும் காரிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமானால் கண்ணாடியை இறக்கி, 1/500 அல்லது அதற்கு மேல் வையுங்கள். நேர் பக்கவாட்டில் எடுத்தால் பக்கத்துப் புதர்கள் கோடாக ஓடும். முன்பக்கமாகச் சாய்த்துத் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் நிலைக்கும். கண்ணாடி வழியாக எடுக்கும்போது லென்ஸைக் கிட்டே கொண்டுபோங்கள், ஆனால் ஒட்ட வைக்காதீர்கள், அதிர்வு ஏறும். தானியங்கி ஃபோகஸ் உள்ள சின்ன கேமராக்கள் பலவும் கண்ணாடியையே பிடித்துக்கொள்ளும். மலைச் சின்னம் போட்ட பொத்தான் இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது? காட்சிமுனைகளை எல்லோரும் எடுக்கிறார்கள், நீங்களும் ஒன்றிரண்டு எடுங்கள். அதைவிட, தினமும் தவறாமல் சிலவற்றை எடுத்து வாருங்கள்: அன்றைக்குத் தூங்கிய அறை, முன்னால் நீளும் சாலை, மேஜையில் விரித்த வரைபடம், கூட வந்தவர் முகம், வண்டி நின்ற இடம். பத்து நாள் கழித்து இவை வரிசையாக நிற்கும்போதுதான் பயணம் முழுசாகத் தெரியும். முன்பின் தெரியாதவர்களை எடுக்கும் முன் கேமராவைக் காட்டிக் கேளுங்கள். சம்மதித்தால் அவசரப்படாமல் இரண்டு படம் எடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நேரம் ஒன்று உண்டு. சூரியன் விழுந்து கால் மணி ஆகியிருக்கும். பெட்ரோல் பங்கில் விளக்குகள் போட்டாகிவிட்டது, ஆனால் வானம் இன்னும் நீலமாக இருக்கிறது. விளக்கின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஒரே அளவுக்கு வரும் அந்தப் பத்து நிமிடத்தில், நனைந்த தரையில் இரண்டு நிறமும் சேர்ந்து கிடக்கும். டியூப்லைட் பிலிமில் கொஞ்சம் பச்சையாக விழும், விழட்டும். எஃப்2, 1/60, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தால் 400 பிலிமில் கையிலேயே எடுக்கலாம். இதற்காகவே, கவுண்டர் 30-ஐத் தாண்டியிருந்தால் சூரியன் விழுவதற்கு முன்பே மீதிப் படங்களைக் கூட வந்தவர்கள் மேல் எடுத்துத் தீர்த்துவிட்டுப் புது ரோல் போட்டுவிடுவேன்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு ரோல் எண், இடம், தேதி மட்டும் எழுதுங்கள். அபெர்ச்சர், வேகம் எல்லாம் எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நோட்டையே விட்டுவிடுவீர்கள். முக்கியமான இடத்தில் மொபைலிலும் ஒரு படம் எடுத்தால் நேரமும் இடமும் அதில் பதிந்திருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு

தள்ளிப்போடாமல் கழுவக் கொடுங்கள். ஆனால் எல்லா ரோலையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். அவ்வளவு முக்கியமில்லாத இரண்டை முதலில் கொடுத்து, சரியாக வந்ததைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கலர் நெகட்டிவுக்கு சி-41 முறை, கறுப்பு வெள்ளைக்கு வேறு ரசாயனம். இரண்டும் கலந்திருந்தால் தனித்தனி உறையில் எழுதிக் கொடுங்கள். நெகட்டிவ் கண்டிப்பாகத் திரும்ப வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடும் லேபுகள் இருக்கின்றன. நெகட்டிவ் கையில் இருந்தால் ஸ்கேன் என்றைக்கு வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

படங்கள் வந்த அன்றே நல்லது கெட்டது பிரிக்காதீர்கள். அன்றைக்குக் கண்ணில் நிற்பது படம் இல்லை, பயணத்தின் நினைவு. இரண்டு மூன்று வாரம் போகட்டும். பிறகு சின்னச் சின்னப் பிரிண்டாகப் போட்டுத் தரையில் பரப்புங்கள். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56-ல் அமெரிக்காவைக் காரில் சுற்றி எடுத்தது 767 ரோல், 27,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றிலிருந்து ஆயிரம் பிரிண்ட் போட்டு, சுவரிலும் தரையிலும் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழித்தார். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அவர் புத்தகத்தில் வந்தவை 83. உங்கள் 15 ரோலில் 20 படம் தேறினால் நல்ல பயணம்.

நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி உறையில் போட்டு, ஒவ்வொரு உறை மேலும் ரோல் எண்ணை எழுதி, அந்த நோட்டையும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.